பன்னிரண்டு பத்து

பூம்பாறையில் பஸ் திரும்பும் இடத்துக்கு மேலே
பூண்டு மண்டியை ஒட்டினாற்போல் என் கடை.
ஜெராக்ஸ், ரீசார்ஜ், பட்டா, சிட்டா,
ரிசல்ட் வந்துவிட்டால் காலேஜ் விண்ணப்பம்.
மேகம் இறங்கினால் நெட் போய்விடும்.
அது ஏறுகிறவரை
வந்தவர்களுக்கு டீ சொல்லுவேன்,
காசு அவர்கள்தான் கொடுப்பார்கள்.

கவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள் யோகவர்ஷினி,
சான்றிதழ்களை உரச்சாக்கின் உள்பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு.
கூடவே அப்பா வேலப்பன்,
நகக்கண்ணில் பூண்டுக்காட்டு மண்.

பி.எஸ்சி. நர்சிங், நான்கு வருடம்.
பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல்
மூன்றும் இருக்க வேண்டும். இருந்தது.
(நான் காமர்ஸ். அந்தக் கட்டத்தில்
அடுத்தவர்களுக்கு டிக் அடிக்கிறபோதெல்லாம்
மவுஸ் கொஞ்சம் மக்கர் பண்ணும்.)
மதிப்பெண், கேட்டதற்கு மேலேயே.
சாதிச் சான்று, இருப்பிடச் சான்று,
அப்புறம் முதல் பட்டதாரிச் சான்று:
இந்த வீட்டில் இதுவரை யாரும்
பட்டம் வாங்கவில்லை என்பதற்குத் தாலுகா ஆபீஸ் முத்திரை.
"இல்லைன்னு சொல்றதுக்கு
ரெண்டு மாசம் நடந்தேன் தாயி" என்றார் வேலப்பன்.

பிறந்த தேதியைப் போட்டேன்.
சிவப்பாய் ஒரு வரி வந்தது.

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள்
பதினேழு நிரம்பியிருக்க வேண்டும்.
இவளுக்கு ஜனவரி ஒன்றில் நிரம்புகிறது.
மறுபடி போட்டேன்.
அன்றைக்கென்று நெட் நன்றாகவே இருந்தது.

"ஜி.என்.எம். பாருங்கக்கா.
மூணு வருசம் முடிச்சு, மேல ரெண்டு வருசம்
போஸ்ட் பேசிக் படிச்சா அதே டிகிரிதானாம்."
எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.
பார்த்தேன். அங்கேயும் பதினேழு.
ஏ.என்.எம்.மிலும் பதினேழு.
மலை ஏற மூன்று பாதை,
மூன்றிலும் ஒரே செக்போஸ்ட்.

வேலப்பன் சுவரைப் பார்த்துப் பேசினார்.
"ஜீப்பு பாதியில நின்னு, மரம் விழுந்து,
மன்னவனூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே பதினொன்றரை.
ஒரே ஒரு நர்சம்மா. கரண்ட் இல்ல.
தலை வந்தது பழைய வருசத்தில,
கால் வந்தது புது வருசத்தில.
டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு
கடிகாரத்தப் பாத்து எழுதுனாங்க, பன்னெண்டு பத்துன்னு.
வருசத்தோட மொதப் பிள்ளைன்னு
நான்தான் கிறுக்கன் மாதிரி மிட்டாய் குடுத்தேன்."

வத்தலக்குண்டில் ஒரு ஆள் இருக்கிறார்,
தேதியை ஒரு நாள் நகர்த்த நாலாயிரம்.
குரலை இறக்கி நானே சொன்னேன். ஏன் மறைக்க வேண்டும்.
வேலப்பன் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

அவள் பிறப்புச் சான்றை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் படித்தாள்.
"நேரத்த மாத்தி எழுதுனா
அடுத்த ஊசி தப்பாப் போயிருங்கக்கா" என்றாள்.
யாரோ நோயாளியைப் பற்றிப் பேசுவது போல.
மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பனிதான் என்றாள்.

எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் கேட்டாள்,
அடுத்த வருசத்துக்கு.
முப்பத்திரண்டு ரூபாய். வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் விட்டிருக்கலாம்.

படியிறங்கும்போது திரும்பி,
"நீங்க ஏன் பயாலஜி எடுக்கலை?"
நான் படித்த பள்ளியில் அந்தக் குரூப்பே இல்லை என்று
சொல்ல வாயெடுப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டான்.

மத்தியானம் கூட்டம் இல்லை.
அவள் திறக்கச் சொன்ன பக்கம் அப்படியே கிடந்தது.
ஏதோ ஒரு காலேஜின் ஜி.என்.எம். அறிவிப்பு.
உயிரியல் இருந்தால் நல்லது என்று போட்டிருந்தது.
வேண்டும் என்று இல்லை, நல்லது.
மூன்று தடவை வாசித்தேன்.
வயது முப்பத்தைந்துக்குள்.
எனக்குப் போன ஆவணியில் முப்பத்திமூன்று.

கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு
என் தேதியைப் போட்டேன்.
சிவப்பு வரவில்லை.
அடுத்த கட்டம் பெயர் கேட்டது.

கீழே, பூண்டுப் படிக்கட்டுகளின் மேல்
மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது.
வேகமாகத் தட்டினேன்.